முளைப்பாரிக் கூட்டத்தில் எனக்கு என்ன பேச்சு?

என்னோடு ஒருநாளும் சண்டை போடாமல் எல்லாச் சண்டையிலும் ஜெயித்த என் கோமதியக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வராது என்று எனக்குத் தெரியும். செத்தவர்கள் எங்கேயோ இருந்து படிக்கிறார்கள் என்பதை நான் என்றைக்கும் நம்பியதில்லை. நீ இருந்திருந்தால், "அப்ப யாருக்குட்டி இம்புட்டு நீளமா எழுதுதே?" என்று கேட்டுச் சிரித்திருப்பாய். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் சாரல் நன்றாக இறங்கியிருக்கிறது. குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் மேலகரத்தில் என் வீட்டு வாசல் வரைக்கும் வரிசையில் நிற்கின்றன. நீ தை மாதம் போனாய். உன் பையன் காரியம் முடிந்து பெங்களூர் திரும்பும்போது தென்காசி வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். மாதம் ஒருமுறை போய்க் கூட்டிவிட்டு வருகிறேன். அங்கே நம் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா போன செவ்வாய்க்கிழமை முடிந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மா எனக்குத் தென்காசிக் கோயில் அம்மனின் பெயரை வைத்தாள். "உலகம்மாள்னு பேர வச்சுக்கிட்டு அம்மனே இல்லேங்கா, இவள என்ன செய்ய?" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் கிண்டல் செய்வாய். உனக்கு அதில் கோபமே இருந்ததில்லை. ஆடிக் கொடைக்கு ஒன்பது நாள் முன்னால், ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்து, பின்கட்டு அறையில் சட்டியில் பயறு விதைத்து, இருட்டில் முளைப்பாரி வளர்த்து, கொடையன்று தலையில் தூக்கி ஊர்வலம் போவாய். நான் உயிரியல் டீச்சர் அல்லவா, விடுவேனா? வெளிச்சம் படாவிட்டால் பச்சையம் உண்டாகாது, அதனால்தான் முளை மஞ்சளாக இருக்கிறது, இதில் அம்மன் எங்கே வந்தாள் என்று பாடம் நடத்துவேன். "சரிட்டி, நீ வெயில்ல வச்சு ஒரு சட்டி பச்சையா வளத்துக் கொண்டா. அதையும் அம்மனுக்கே வச்சிருவோம்" என்பாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாமி இல்லாத நண்பர்கள் நாங்கள் சிலர் கூடிப் பேசுவோமே, ஒரு தடவை நான் கடவுள் மறுப்பைப் பற்றிப் பேசினேன். நீ பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். எல்லோரையும் விடப் பலமாகக் கை தட்டினாய். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாய்: "நல்லாத்தான் பேசினே. ஆனா அங்கன இருந்த ஒருத்தருக்கும் சாமி கிடையாது. பெறகு யார்கிட்டட்டி அவ்வளவு நேரம் சண்டை போட்டே?"

அன்றைக்கு நான் சிரித்தேன். இப்போது அந்தக் கேள்வியை நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அத்தான் இறந்து நாலு மாதத்தில் அந்த ஆடி வந்தது. உன்னை ஸ்கூட்டரில் கொடைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனவள் நான்தான். கோயில் முன்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் நீ பெண்களோடு உட்கார்ந்தாய். நான் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆன ஏட்டையா அண்ணாச்சிதான் கமிட்டித் தலைவர். முளைப்பாரி எடுப்பவர்கள் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தவர் உன் பெயரில் நிறுத்தினார்.

"கோமதி, இனி நீ எடுக்க முடியாதுல்லா. முறைன்னு ஒண்ணு இருக்கு. ஒன் தங்கச்சிதான் இருக்காளே, சுமங்கலி. ஒனக்குப் பதிலா அவ எடுக்கட்டும்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். நான் போனை அணைத்துவிட்டுச் சொன்னேன்: "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாது அண்ணாச்சி. என்னய விட்டுருங்க."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? கொள்கைக்காரி அல்லவா நான். உன்னை ஏன் தடுக்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அது அவர்கள் கோயில், அவர்கள் முறை, நம்பாதவள் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதைப் பெரிய நாகரிகம் என்று வேறு நினைத்தேன்.

திரும்பி வரும்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து, "எனக்காக எடுக்கக் கூடாதாட்டி?" என்றாய். நம்பிக்கை இல்லாமல் தூக்கினால் அது பொய், அந்தப் பொய் உனக்குத்தான் அவமானம் என்று நான் விளக்கினேன். வண்டியை ஓட்டிக்கொண்டே விளக்கினேன். நீ "சரி" என்றாய்.

ஊர்வலம் போன சாயங்காலம் நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாயாம். அடுத்த வீட்டு முப்பிடாதி சொல்லித்தான் தெரியும். மறுநாள் விடிந்ததும் சட்டியை நீயே எடுத்துப் போய்ச் சிற்றாற்றில் கரைத்துவிட்டு வந்தாய். நான் வந்தபோது வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாய். "இந்த வருசம் முளை நல்லா வந்திருந்திச்சிட்டி" என்று மட்டும் சொன்னாய். அதற்கு அடுத்த ஆடியில் நீ விதைக்கவில்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. விரதம் இருக்க உடம்பு கேட்கவில்லை என்றாய். நானும் அதை நம்பினேன். சாமியை நம்பாதவள் இதை மட்டும் நம்பினேன்.

இப்போது முப்பிடாதிக்கு வருகிறேன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறைகளுக்குத் துணி மாற்றும் வேலைக்குப் போவாளே, அவள்தான். நீ போன அடுத்த மாதம் அவள் புருஷன் ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டான். முப்பத்திரண்டு வயது அவளுக்கு. ஆடி பிறந்ததும் என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"டீச்சர், அவுக போனதுக்குப் பெறகு எனக்குன்னு இருக்கது அந்த அம்மன் ஒருத்திதான். விதச்சிட்டேன். எடுக்க விட மாட்டாக. எனக்காக நீங்க எடுப்பீங்களா?"

உன் வார்த்தையே அக்கா. மூன்று வருஷம் கழித்து வேறு வாயிலிருந்து வந்தது. "நான் எடுக்க மாட்டேன் முப்பிடாதி. ஆனா கூட்டத்துக்கு வாரேன்" என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. கூட்டத்துக்கு வந்து நான் என்ன செய்துவிடப் போகிறேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அதே தகரக் கொட்டகை. குற்றாலத்திலிருந்து தீர்த்தம் எடுத்துவர எந்த வேன், சீசன் கூட்டத்தில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று பேசி முடித்தார்கள். ஏட்டையா பட்டியலை வாசித்தார். அதில் முப்பிடாதி பெயர் இல்லை. அவள் கொட்டகைக்கு வெளியே செருப்பு கிடக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் எழுந்தேன்.

"முப்பிடாதி பேர விட்டுட்டீங்க அண்ணாச்சி."

"விடல டீச்சர். அவ எடுக்கக் கூடாது."

"ஏன்?"

அவர் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்களுக்குத்தான் சாமியே கிடையாதே. சாமி இல்லாதவுகளுக்கு இங்கன என்ன பேச்சு?"

கொட்டகையே சிரித்தது. முப்பது வருஷமாக வகுப்பில் நின்று பேசுகிறவளுக்குச் சிரிப்புச் சத்தம் புதிதா என்ன? அது அடங்கியதும் பேசினேன்.

"மூணு வருசத்துக்கு முன்னால இதே இடத்துல என்னய எடுக்கச் சொன்னீங்கல்லா அண்ணாச்சி? நான் சாமி கும்பிட மாட்டேன். ஒரு நாளு விரதம் இருந்தது கிடையாது. முளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சது கிடையாது. கழுத்துல தாலி கிடக்குன்னு என்னய எடுக்கலாம்னீங்க. ஒம்பது நாளு விரதம் இருந்து வளத்த எங்க அக்காவ வேண்டாம்னீங்க. அப்ப நீங்க கும்பிடுதது அம்மனையா, என் தாலியையா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லையே.

"எனக்கு என்ன பேச்சுன்னு கேட்டீங்க. வெளிய நிக்கவளுக்குப் பயம். வாயத் தெறந்தா அம்மன் கோவிச்சுக்கிடுவாளோன்னு பயம். எனக்கு அந்தப் பயம் கிடையாது. அவ கேட்டா ஆசைப்படுதான்னு சொல்லுவீங்க. எனக்கு இதுல ஒரு ஆசையும் இல்ல. அதனால நான் கேக்கேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து ஏட்டையாவின் வீட்டம்மாதான் பேசினாள். "அவ சொல்லுததுல என்ன தப்பு இருக்கு? அந்தப் பிள்ள பேரையும் எழுதுங்க." ஏட்டையா மீசையைத் தடவினார், இரண்டு பேரிடம் குனிந்து ஏதோ கேட்டார், பிறகு பேனாவை வைத்திருந்தவனிடம், "எழுதிக்கோலே" என்றார்.

இவ்வளவுதான் அக்கா. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நான் பெரிய சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் ஏட்டையா குடையை விரித்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. "கோமதியும் எடுத்திருப்பா டீச்சர். அன்னைக்கு ஒருத்தராவது ஒரு வார்த்த கேட்டிருந்தா விட்டிருப்போம். யாருமே கேக்கலையே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஸ்கூட்டரை எடுக்காமல் அந்தத் தகரத்துக்குக் கீழேயே நின்றேன். எத்தனை கூட்டங்களில், எத்தனை வாட்ஸ்அப் குரூப்களில், கடவுள் உண்டா இல்லையா என்று தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். என் பேச்சு ஒரே ஒரு இடத்தில் ஒரே ஒருத்திக்குத் தேவைப்பட்டது. அங்கே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முப்பிடாதி வரிசையில் நாலாவது ஆளாக நடந்தாள். மேளம் நிற்கவில்லை, யாருக்கும் சாமி வந்து அவளைத் தடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குடத்தோடு நின்று முளைப்பாரி எடுத்தவர்கள் காலில் மஞ்சத்தண்ணீர் ஊற்றினார்கள். ஏட்டையா வீட்டிலும் அவள் காலுக்கு ஊற்றினார்கள். உன் வீட்டு வாசலில் நான் நின்றேன். அவள் வந்து என் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சாவி என் கைப்பையில் இருந்தது, வீடு பூட்டிக் கிடந்தது, தண்ணீர் இல்லை. தெருவிலேயே காலில் தண்ணீர் விழாத ஒரே வாசல் உன் வாசல்தான். அவள் நடந்த பிறகுதான் புரிந்தது. உன் கதவில் சாய்ந்துகொண்டு அழுதேன். பார்த்தவர்கள் டீச்சருக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

வரவில்லை அக்கா. இன்னும் எனக்குச் சாமி இல்லை. நண்பர்கள் குரூப்பில், மூடநம்பிக்கையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும், உனக்கு அந்தக் கோயிலில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். கோயிலில் என்ன கேட்டார்களோ அதையேதான் இவர்களும் கேட்கிறார்கள்.

உன்னிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஸ்கூட்டரில் வரும்போது "எனக்காக" என்றாயே, நான் சட்டியைத் தூக்க வேண்டும் என்றுதான் கேட்டாயா? இல்லை, நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்றா? என்னை எதிர்பார்த்துத்தான் அன்றைக்குக் கூட்டத்தில் திரும்பிப் பார்த்தாயா?

முப்பிடாதி மறுநாள் வந்து, "நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாழ்த்தை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

அடுத்த ஆடிக்கு உன் வீட்டைத் திறந்து, வாசல் தெளித்து, குடத்தில் தண்ணீரோடு நிற்பேன். நனைந்த ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வருகிறவளுக்காக ஊற்றுவேன். கூட்டத்துக்கும் போவேன். இந்தத் தெருவில் என்றில்லை, எங்கே கூப்பிட்டாலும் போவேன், கூப்பிடாவிட்டாலும் போவேன். சாமி இல்லாதவளுக்கு இங்கே என்ன பேச்சு என்று யாராவது கேட்டால், எனக்குக் கோமதி என்று ஒரு அக்கா இருந்தாள், அவளுக்காக ஒருநாள் நான் பேசாமல் இருந்தேன் என்று சொல்வேன்.

அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டிய,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
உலகு