பந்துதான் பெரியது

என் வீட்டரசிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே.

ஞாயிறன்று எங்கள் கிடங்கு ஆட்களோடு சாஃப்ட்பால் ஆடினேன். பந்து வீசியவர் பேக்கிங் பிரிவு அக்கா. பள்ளியில் பேஸ்பால் ஆடிய திமிரில், "இவ்ளோ பெரிய பந்தா? கண்ண மூடிக்கிட்டே அடிப்பேன்" என்று வாயை விட்டேன். மூன்று பந்திலும் காற்றைத்தான் அடித்தேன். பேஸ்பாலில் தோளுக்கு மேலிருந்து வீசுவார்கள்; வீசுபவரின் தோளைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. அக்காவின் பந்தோ இடுப்பருகே கிளம்பி மேலேறி வருகிறது. வீசும் தூரமும் குறைவு. மட்டையைச் சுழற்றுவதற்குள் பந்து என்னைக் கடந்துவிடுகிறது. அடுத்த முறை பந்து இடது கட்டைவிரலில் பட்டது. லேசான வீக்கம்தான், வேலைக்குப் போகிறேன். தைலம் ஒரு புட்டி அனுப்பு.

நம் மகள் பள்ளி சாஃப்ட்பால் அணியில் சேர்ந்தபோது, "அதெல்லாம் சுலபமான ஆட்டம்" என்று சிரித்தேனே, நினைவிருக்கிறதா? "பந்துதான்பா பெருசு, அடிக்க நேரமே கெடைக்காது" என்றாள். அன்றிலிருந்து போனில் அவள் குரலே இல்லை.

அடுத்த ஞாயிறும் ஆட்டம் உண்டு. எதைப் பார்த்து மட்டையைச் சுழற்றுவது என்று அவளிடம் கேட்டு எழுது.

கிடங்குக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. வேண்டாம், நீ கேட்காதே. நான் கூப்பிடும்போது போனை அவள் கையில் கொடு, நானே கேட்டுக்கொள்கிறேன்.