வாழைநார்க் கட்டு

என் தோட்டக்கார வீட்டுக்காரருக்கு,

போனில் கேட்டால் "லைன் சரியில்லைலா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதி, நீங்கள் கீரை அனுப்பிய காலிக் கூடையில் போட்டு, லாரிக்காரத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கெப்பாலா பத்தாஸ் தோட்டத்தில் இப்போது சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணித்தான் கீரைக்கு விடுகிறார்கள் என்றீர்கள். "கண்ணாடி மாதிரி இருக்கு, பயப்படாதே" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் வல்லாரையில் ஏன் ரப்பர் பேண்டு? நீங்கள் வாழைநாரில் அல்லவா கட்டுவீர்கள்? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு உங்கள் முடிச்சு தெரியாதா?

பாசாரில் சந்தைக் கீரை வாங்கி எனக்கு அனுப்புகிறீர்கள். உங்கள் வாழைநார்க் கட்டெல்லாம் ரொஸ்னா அக்கா சாப்பாட்டுக் கடையில் கிடக்கிறது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அங்கே அதை வேகவைப்பதில்லை, பச்சையாக மிளகாய்ச் சம்பாலில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள்.

நம் பிரமிளாவும்தான். வாயும் வயிறுமாக இருக்கிறவள், மத்தியானம் அங்கேதான் சாப்பிடுகிறாள். "அப்பா தோட்டத்துக் கீரைம்மா, தைரியமா சாப்பிடலாம்லா" என்று என்னிடமே சிரிக்கிறாள். இது உங்களுக்குத் தெரியாதுதானே?

இன்றிலிருந்து அவளுக்குச் சோறு நானே கட்டிக் கொடுக்கிறேன். மற்றவர்கள் வயிறு?

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ராஜா. உங்கள் கட்டு ஒன்று வாங்கி, பச்சையாக உங்கள் தட்டில் வைக்கிறேன். மென்று விழுங்கிவிட்டால் நான் சந்தேகப் பிராணி என்று ஒத்துக்கொள்கிறேன். கை தயங்கினால், சோற்றை மூடிவைத்துவிட்டு இரண்டு பேரும் ரொஸ்னா அக்கா கடைக்குப் போவோம். நீங்கள்தான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
சம்பால் இடித்து வைத்திருக்கும் உங்கள் வீட்டுக்காரி