வெளுத்த இடம்

ஜூன், செவ்வாய் இரவு

தூக்கம் பிடிக்கவில்லை. நேற்று கல்வி அதிகாரி டோ கின் எங்கள் இன்சீன் பள்ளிக்கு வந்தார். பழைய தலைமையாசிரியர்களின் படவரிசையில் முதலாவதாக இருந்த தலைப்பாகைத் தமிழரைக் காட்டினார்.

"அரசாங்கம் எடுத்த பிறகுதான் இது பள்ளிக்கூடம், சயாமா. இவரைக் கழற்றிடுங்க."

அவர் சயாமா, அதாவது டீச்சர், என்று கூப்பிட்ட தலைமையாசிரியையான நானும் தமிழச்சி என்று அவருக்குத் தெரியாது. என் பெயர் பர்மியப் பெயர். "சரிங்க" என்றேன். ரயில்வேத் தமிழர்கள் கட்டிய பள்ளி இது என்று வாய் திறக்கவில்லை.

படம் இப்போது என் பீரோவில். அது இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுத்துத் தெரிகிறது. இன்று காலை பிள்ளைகள் வழக்கம்போல் ஒவ்வொரு படமாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்கள். அந்த வெளுத்த இடத்தையும் விடவில்லை.

கடைசியாக நான் போனேன். அங்கே மட்டும் என் கை எழும்பவில்லை.

நாளைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வருகிறது.