கேட்டுவிட்டு வாயை மூடு

அடியே,

இன்று காலை சகாயமேரி என் எதிரில் வந்து உட்கார்ந்ததும் அறை முழுக்க சொல்யூஷன் வாடை. ஷூ கம்பெனி வேலை போனதிலிருந்து வீட்டிலேயே செருப்பு ஒட்டிக் கொடுக்கிறாள். உன் அம்மா புடவையிலும் என் அப்பா சட்டையிலும் எத்தனை துவைத்தாலும் போகாமல் இருந்த அதே பசை வாடை. உடனே உன் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

"இன்னிக்கு அந்த சூப்பர்வைசர கூண்டுல ஏத்துறாங்களாமே. அந்தம்மா மாரி கேப்பீங்களா மேடம்?" என்றாள்.

அந்தம்மா என்றால் நீதான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவள் திரும்பி வரவில்லை. உன் வழக்குக் கட்டுகள் எல்லாம் என் மேஜைக்கு வந்துவிட்டன, கட்சிக்காரர்கள் மட்டும் இன்னும் உன்னிடமே இருக்கிறார்கள். வழக்கு கை மாறினால் பழைய வக்கீல் 'ஆட்சேபனை இல்லை' என்று கையெழுத்துப் போடுவது வழக்கம். நீ போடாமலே போய்விட்டாய். கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே போட்டிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஐந்து வருஷம் ஒரே பஸ்ஸில் போய் சட்டம் படித்தோம். உட்கார இடம் கிடைத்தால் நான் புத்தகத்தைத் திறப்பேன். நீ பக்கத்தில் இருப்பவரிடம் அவர் வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பாய். பள்ளிகொண்டா வருவதற்குள் மாமியார், மருமகள், பாகப் பிரிவினை எல்லாம் உனக்கு அத்துபடி. பரீட்சையில் நான்தான் ஜாஸ்தி மார்க். ஆனால் கல்லூரியில் யாருக்காவது ஒரு சிக்கல் என்றால் உன்னைத்தான் தேடி வருவார்கள்.

வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள சென்னைக்குப் போன அன்று உன் தெருவே வேன் பிடித்து வந்தது. எனக்கு அப்பா மட்டும். உன் அம்மா நம் இரண்டு பேருக்கும் கழுத்துப் பட்டை தைத்திருந்தாள். ஷூவின் மேல்பாகம் தைத்துப் பழகிய கை, இரட்டைத் தையல். ஒரே துணி, ஒரே அளவு. உன் கழுத்தில் நேராக நின்றது, என் கழுத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அன்று எடுத்த போட்டோவை நான் சட்டம் போட்டு மாட்டவே இல்லை.

முதல் நாள் மாஜிஸ்திரேட் உன்னிடம் ஏதோ கேட்க, நீ பதற்றத்தில் "இன்னாங்கய்யா?" என்றாய். கோர்ட்டே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். உனக்கு முன்னால் நான் வாரக்கணக்கில் கண்ணாடி முன் பழகிய இங்கிலீஷில் பிசிறில்லாமல் பேசி முடித்திருந்தேன். சாயங்காலம் டீக்கடையில் எல்லோரும் உன்னைத்தான் கேலி செய்தார்கள். கேலிக்குக்கூட என் பெயர் அடிபடவில்லை.

அப்புறம், பதிவு செய்த வக்கீல்கள் எழுத வேண்டிய அந்த பார் தேர்வு. நான் முதல் தடவையிலேயே பாஸ், நீ கோட்டை விட்டாய். ஒப்புக்காவது உன் முகம் சுருங்கும் என்று ஆசையாகக் காத்திருந்தேன். நீ என்னடாவென்றால் மக்கன் பேடா வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்து, "எங்க ஆளு பாஸாயிட்டா" என்று என் அம்மா வாயிலேயே ஊட்டினாய். வயிறெரியவே தெரியாத ஒருத்தியைப் பார்த்து வயிறெரிவது எவ்வளவு பேஜார் தெரியுமா? சண்டை போடவும் முடியாது, விட்டுத் தொலைக்கவும் முடியாது.

சீனியர் ஆபீஸில் அது இன்னும் முற்றியது. "நீ எழுதும்மா, அவ பேசட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். குறுக்கு விசாரணைக்கு நான் ராவெல்லாம் உட்கார்ந்து கேள்வி தயார் செய்வேன். நீ அதில் ஒன்றை மட்டும் எடுத்துக் கேட்டுவிட்டு, சாட்சியின் முகத்தைப் பார்த்தபடி சும்மா நிற்பாய். மீதிக் கேள்விகள் வீணாகும். கோபமாக வரும். "கேள்வி கேட்டியா, வாய மூடிக்கினு நில்லுடி. மீதிய அவுங்களே சொல்லிடுவாங்க" என்பாய். என்னால் அது முடிந்ததே இல்லை. பதில் வர ஒரு மூச்சு தாமதித்தால் அடுத்த கேள்வியை நானே எடுத்துக் கொடுத்து சாட்சியைக் காப்பாற்றிவிடுவேன்.

இன்று தொழிலாளர் நீதிமன்றத்தில் சூப்பர்வைசர் கூண்டில் நின்றார். வேலை நேரத்தில் சகாயமேரி யாரிடமும் சொல்லாமல் லைனை விட்டு ஓடிவிட்டாள் என்பதுதான் கம்பெனியின் வாதம். அது நின்றுவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

"கேட் பாஸ் இல்லாமல் செக்யூரிட்டி வெளியே விடுவாரா?" என்று கேட்டேன்.

"விட மாட்டாருங்க."

"அன்றைக்கு சகாயமேரிக்கு கேட் பாஸ் கொடுத்தது யார்?"

அடுத்த கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஃபேன் சத்தம் கேட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவை மூடித் திறந்தார். சூப்பர்வைசர் கம்பெனி ஆட்களைப் பார்த்தார், சகாயமேரியைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார்.

"நான்தாங்க போவச் சொன்னேன். கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு அழுதுச்சு. அப்பறம் மேல கேட்டாங்க, தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அப்படியே பதிவாயிற்று. தீர்ப்புக்கு இன்னும் வாய்தா இருக்கிறது, ஆனால் இனி அந்த வாதம் நிற்காது. வெளியே வந்ததும் சகாயமேரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுதாள். நானும் கொஞ்சம் தலை நிமிர்ந்தேன்.

"அந்தம்மா மாரியே கேட்டீங்க மேடம்" என்றாள்.

போச்சு. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல குறுக்கு விசாரணை இது ஒன்றுதான், அதிலும் பேர் வாங்கியது நீ. பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. உனக்காக அழுதேனா, எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உன் கட்டுகளை ஒவ்வொன்றாக முடித்துவிடுவேன். நீ நிற்கிற மாதிரி நிற்கவும் இன்றைக்குக் கற்றுக்கொண்டுவிட்டேன், இனி அது என்னை விட்டுப் போகாது. இந்தப் பொறாமையும் போகாது. நீ உயிரோடு இருந்தபோது நான் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அதை மட்டும் இப்போது கேட்கிறேன்.

என்னைப் பார்த்து உனக்கு ஒரு நாளாவது பொறாமை வந்ததா?

கேட்டுவிட்டேன். வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.