கட்டிலுக்கடியில் கிடந்த ஆப்புகள்

லாபிஸ் தோட்டத்தில் காடு வெட்டும் அர்ச்சுனன் ரம்பத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, விடியும் முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டான். வீட்டைப் பெருக்கிய அவன் மனைவி கனகவல்லியின் துடைப்பத்தில், கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு மர ஆப்புகள் சிக்கி வந்தன. அவள் துடைப்பத்தை வீசிவிட்டு அவற்றைக் கையில் எடுத்தாள். முந்தாநாள் வெட்டிய மரம் பின்பக்கமாகச் சாய்ந்து, அவனோடு ரம்பம் இழுத்த அவள் தம்பி செல்லப்பனின் கால் முறிந்தது. "அவன்தான் கவனிக்காம நின்னான்" என்று சொல்லியிருந்தான் அர்ச்சுனன்.

சீனி சுற்றி வந்த தாளில் பென்சிலை அழுத்தி எழுதினாள்.

"நான் தம்பியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போறேன். சோறு பானையில இருக்கு. ஆப்பு ரெண்டும் பக்கத்துலயே இருக்கு, பார்த்துக்கிட்டே சாப்பிடுங்க. ரம்பம் போன வெட்டுல இதை அடிச்சிருந்தா மரம் பின்னால சாஞ்சிருக்குமா? வீட்டுல போட்டுட்டுப் போனது நீங்க, பழி அவனுக்கா? ரம்பத்துல பிசின் காஞ்சு கிடக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, அரத்தால பல்லைத் தீட்டுங்க. அதையும் நான்தான் சொல்லணுமா? சாயங்காலம் வந்து, தப்பு என்னோடதுன்னு உங்க வாயால அவன்கிட்ட சொல்லுங்க. அதுவரைக்கும் என்னை வீட்டுக்குக் கூப்பிடாதீங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"கங்காணி வேற ஆளை உங்களோட ஜோடி சேர்த்தா, வெட்டறதுக்கு முன்னாடியே, மரம் சாயறப்போ ரெண்டு பேரும் ஓட வழியைத் துப்புரவாக்கி வச்சுக்குங்க. எனக்கு இருக்கறது ஒரு தம்பி, ஒரு புருஷன்."