வாசமில்லாத உரம்

அன்புள்ள சீனியம்மாளுக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகந்தானே? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

மணலி புதுநகரில் வேலை அப்படியேதான் போகிறது. மாட்டுக் கொட்டகைகளிலிருந்து லாரியில் வரும் சாணிக் கரைசலிலிருந்து பயிருக்கான சத்தை மட்டும் வெள்ளைக் குருணையாகப் பிரித்தெடுக்கிறோம். குருணையில் வாசமே இருக்காது. வாசமெல்லாம் எங்கள் மேல்தான்.

செவ்வாய்க்கிழமை குழாய் மூட்டு கழன்று தலையோடு கால் நனைந்துவிட்டேன். கண் கொஞ்சம் எரிந்தது, அவ்வளவுதான். போனில் பேசினால் இருமலைக் கேட்டுப் பயப்படுவாய் என்றுதான் எழுதுகிறேன். பஸ்ஸில் தண்டையார்பேட்டை வரை என் பக்கத்து சீட் காலி. வீட்டுக்கார ஷரீஃபுன்னிசா அம்மா வாசலிலேயே மறித்து, "இன்னா அய்யாத்துர, மாட்டையே இட்டாந்துட்டியா? குளிச்சிட்டு வூட்டுக்குள்ள வா" என்று வாளியை நீட்டினார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. சோற்றில்கூட அதே வாசம்.

குருணை ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். கொல்லைக் கத்தரிச் செடிக்குப் போட்டு, காய்க்கிறதா என்று சொல். இத்தனை நாள் செய்கிறேன், இதைப் போட்டு ஒரு செடி வளர்ந்து நான் பார்த்ததில்லை.

போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றைப் பார்சலில் போடு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சேலையைத் துவைக்காமல் அனுப்பு.

அய்யாத்துரை