திரும்பி வருவதற்கான காரணங்கள்

மார்ச் 4

பிரிண்டர் மறுபடியும் கோடு போடுகிறது. காலையில் வந்த டிரைவருக்கு ஒரே கடிதத்தை மூன்று முறை எடுத்துக் கொடுத்தேன். “லெட்டர் சார், உங்க கை பட்டா விசா வந்துடும்னாங்க. மெஷின் விடமாட்டேங்குதே” என்றார். சிரித்து வைத்தேன். பதினாறு வருஷமாக இந்தக் கடையில் நான் எழுதுவது ஒரே விஷயம்தான். இந்த ஆள் சுற்றிப் பார்க்கப் போகிறார், பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார், வராமல் இருக்க அவரால் முடியாது, ஏனென்றால் — அந்த ‘ஏனென்றால்’ எழுதத்தான் என்னிடம் வருகிறார்கள். வீடு, வேலை, மனைவி, பிள்ளை. ஆளை ஊரோடு கட்டி வைத்திருக்கும் கயிறுகளை எடுத்துத் தூதரகத்துக்குக் காட்டுவது என் பிழைப்பு.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். என் மனைவி தான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து சீக்கிரமே வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் அவளுடைய அக்காவுக்குத் தொண்டையில் புற்று என்று உறுதியாகிவிட்டதாம். மே 12 அறுவை சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிடுவார்களாம். உயிர் தப்பும், பேச்சு போய்விடும்.

“குரல் இருக்கறப்பவே வந்துடுடீங்கறா. போன்ல பேசறதெல்லாம் ஒரு பேச்சாங்கறா” என்றாள். “நாப்பத்தஞ்சு நாள் லீவு கேட்டிருக்கேன். எனக்கும் ஒரு லெட்டர் எழுதுங்க.”

அம்மா இல்லாமல் வளர்ந்தவள். அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததே அந்த அக்காதான். எழுதாமல் இருப்பேனா?

மார்ச் 7

மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டியதில்லை. கடிதம் எழுதிக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பக்கத்தில் ‘வருவார்’ அல்லது ‘வரமாட்டார்’. இதுவரை மூன்று பேர் விஷயத்தில்தான் ஏமாந்திருக்கிறேன்.

இது ஜோசியம் இல்லை. பார்த்தாலே தெரியும். திரும்பாதவன் எல்லாவற்றையும் முடித்து வைப்பான். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பான், ஒழுகும் குழாயை மாற்றுவான், சான்றிதழ்களின் அசலை எடுத்துக்கொள்வான். திரும்புகிறவன் பாதியில் போட்டுவிட்டுப் போவான். சுவரில் பாதி அடித்த பெயின்ட், பாதி படித்த புத்தகம். பாதி வேலையே அவனை இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிளம்பர் வந்தார். கிளம்புவதற்கு முந்தின வாரம் தெருவில் எல்லார் வீட்டுக் குழாயையும் இனாமாகச் சரிசெய்து கொடுத்தார். எல்லாரும் புகழ்ந்தார்கள். நான் நோட்டில் ‘வரமாட்டார்’ என்று எழுதினேன். கடிதத்தை மட்டும் அழகாகவே எழுதிக் கொடுத்தேன். அவருடைய மனைவி இன்றைக்கும் மாதம் ஒருமுறை அந்தக் கடிதத்தின் நகலோடு கடைக்கு வந்து உட்காருகிறார். “மனைவியைப் பிரிந்து இருக்க இயலாதவர்னு எழுதியிருக்கீங்களே சார்” என்பார். திட்டமாட்டார். அதுதான் கஷ்டம்.

இவளுக்கும் ஒரு வரி போட்டேன். யோசிக்காமல் ‘வருவாள்’ என்று எழுதினேன்.

மார்ச் 12

விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தோம். நான் கேட்க, அவள் சொல்ல. பதினெட்டு வருஷமாகக் கணக்கு டீச்சர். இரண்டு பேர் பெயரிலும் சின்ன வீடு. பிள்ளைகள்: இல்லை. அதை மட்டும் கேட்காமல் நானே எழுதிக்கொண்டேன்.

“கணவர்?” என்று படித்தேன்.

“இருக்கார்னு போடுங்க. கடையில இருக்கார்” என்றாள். சிரிப்பு வந்தது. கடைக்கு வந்தபிறகு வரவில்லை.

வேறு யாராவது இந்த ஃபைலைக் கொண்டுவந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ‘கயிறு கொஞ்சம் மெலிசா இருக்கே’ என்றுதான்.

மார்ச் 16

பால்கனியில் இருந்த அவளுடைய எட்டுச் செடித் தொட்டிகளும் மாடி வீட்டுக்குப் போய்விட்டன.

மார்ச் 19

சமையலறைக் குழாய் இரண்டு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் போனால் சத்தமே இல்லை. ஆள் கூப்பிட்டு மாற்றிவிட்டாளாம். என் சட்டைகளுக்கெல்லாம் விட்டுப்போன பட்டன் தைத்து அடுக்கி வைத்திருக்கிறாள். கேஸ் புத்தகம், கரண்ட் பில், டாக்டர் சீட்டு, எல்லாம் ஒரே உறைக்குள். மேலே என் பெயர்.

“என்னத்துக்கு இவ்வளவு அவசரம்?”

“முடிக்க வேண்டியத முடிச்சுட்டா நிம்மதி” என்றாள்.



மார்ச் 22

பீரோவில் அவளுடைய சான்றிதழ் ஃபைல் இல்லை.

கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. ‘எங்கே போச்சு’ என்று கேட்டால் ‘எதுக்கு’ என்பாள். அப்புறம் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். பேசாமல் பீரோவைச் சாத்தினேன். அவளுடைய அக்காவின் கணவர் முன்பு ஒருமுறை போனில் சொன்னது ஞாபகம் வருகிறது: “இங்க டீச்சருக்கு ஆளே கிடைக்கல. வந்து எறங்கினா மறுநாளே வேலை.” அன்றைக்கு அவள் சிரித்தாள். என்ன சிரிப்பு அது?

மார்ச் 23

துணி துவைக்கும் மெஷினை எப்படிப் போடுவது என்று கற்றுக்கொடுத்தாள். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் இரண்டு முறை. “நான் இல்லாதப்ப நாறிப் போகாதீங்க.” நான் இல்லாதப்ப. எவ்வளவு நாள் இல்லாதப்ப?

மார்ச் 25

அக்கா போன் செய்தார். குரல் ஏற்கெனவே பாதி காற்றாகிவிட்டது. இவள் கொஞ்ச நேரம் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

“தம்பி, அவள அனுப்பி வைங்க. பத்து நாள் உக்காந்து பேசினா போதும். அப்புறம் நான் ஊமைதானே.” இருமல். “உங்க கையிலதான் இருக்கு.”

“நான் பாத்துக்கறேன்கா” என்றேன்.

மார்ச் 27

செய்துவிட்டேன்.

கடிதம் நன்றாகவே இருக்கிறது. நான் எழுதியவற்றிலேயே நல்ல கடிதம் அதுவாகத்தான் இருக்கும். அவள் படித்துப் பார்த்துவிட்டு, “நம்மளப் பத்தியா இது?” என்றாள். கண் கலங்கியிருந்தது. பள்ளியின் விடுப்புக் கடிதம் நாற்பத்தைந்து நாள் என்கிறது. டிக்கெட் நகலும் நாற்பத்தைந்து நாள் என்கிறது. விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில், தங்கும் காலம் என்ற கட்டத்தில், ஆறு மாதம் என்று இருக்கிறது.

என் விரல்தான். ஒரே தட்டு.

எட்டாம் வகுப்புப் படிப்பவன்கூடக் கண்டுபிடிப்பான். தூதரகத்தில் இருப்பவன் கண்டுபிடிக்க மாட்டானா?

கையெழுத்துப் போடச் சொன்னபோது அவள் படிக்கவில்லை. “நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்” என்று நான்கு இடத்தில் போட்டாள்.

மார்ச் 28

இன்னும் ஒன்றும் முழுகிப் போகவில்லை. விசா மையத்தில் விரல்ரேகை வைக்கிற நாள் வரை திருத்தலாம்.

ஏப்ரல் 7

ரேகை வைக்க நானே கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், “எதாவது திருத்தம் இருக்கா?” என்று கேட்டாள். இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். இவள் பத்து விரலையும் ரேகைக் கருவியின்மேல் அழுத்தி வைத்தாள். சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரல்கள், இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும், “காலைல ஒண்ணும் சாப்பிடலையே நீங்க. வாங்க, டிபன் சாப்பிடலாம்” என்றாள்.

ஏப்ரல் 21

மறுத்துவிட்டார்கள்.

‘வருகையின் முடிவில் நீங்கள் நாடு திரும்புவீர்கள் என்று எங்களால் நம்ப முடியவில்லை.’ கடையில் இந்த வாக்கியத்தை எத்தனை பேருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறேன். இன்று அவளுக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

“என்னைப் பாத்தே இல்லாத ஒருத்தருக்கு நான் திரும்பி வரமாட்டேன்னு எப்படிங்க தோணிச்சு?”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு சும்மா கிடந்தது. நிம்மதியாக இருந்தது. அதை எழுதிவிடுகிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 24

சான்றிதழ் ஃபைல் வீட்டுக்கு வந்துவிட்டது. பள்ளி அலுவலகத்தின் முத்திரையோடு.

சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள். துணைத் தலைமை ஆசிரியை பதவிக்கு இவள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார்களாம். சரிபார்க்க அசலை வாங்கி வைத்திருந்தார்களாம். ஜூலையில், லீவு முடிந்து வந்ததும் பொறுப்பேற்க வேண்டும். “வாய்வார்த்தையாத்தான் சொன்னாங்க. எழுத்துல வந்ததும் உங்ககிட்ட காட்டலாம்னு இருந்தேன். நீங்கதான் எழுத்துல இல்லாதத நம்பமாட்டீங்களே.”

தொட்டிகள்?

“போன தடவை நாலு நாள் பயிற்சிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் கொன்னீங்க. இது நாப்பத்தஞ்சு நாளாச்சே” என்றாள். விசா மறுத்த பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. விழுந்தாகிவிட்டது. இப்போதே சொல்லிவிடலாமா? நானே மறுபடியும் விண்ணப்பம் போடலாம். மே 12க்கு இன்னும் பதினெட்டு நாள். முதல் விண்ணப்பத்துக்கே இரண்டு வாரம் ஆனது. முடியாத கணக்கு இல்லை. ஆனால் புதிதாகப் போடும்போது பழையதை எடுத்துப் பார்ப்பாள். நான்காம் பக்கத்தைப் பார்ப்பாள்.

நாளைக்குச் சொல்கிறேன்.

ஏப்ரல் 27

சொல்லவில்லை. அவள் என்னிடம் கேட்கவும் இல்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு, என்னைப் போலவே விசாவுக்கு எழுதித் தரும் எதிர்க்கடைக்காரரிடம் போய்விட்டாள். பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம், பச்சைப் பெயர்ப்பலகை. என் கடையிலிருந்து பார்த்தால் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். தலையைத் தூக்கி நேராக என் கடையைப் பார்த்தார்.

ஏப்ரல் 28

நான்காம் பக்கத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

“அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘லெட்டர் சார் இப்படித் தப்பு பண்ணவே மாட்டாரும்மா’ன்னார். ரெண்டு தடவ சொன்னார்.” அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். “தப்பா, இல்ல வேணும்னா?”

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தப்புன்னாவது சொல்லுங்க. நம்பிக்கறேன்.”

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். பதினாறு வருஷமாகக் கை கூசாமல் எத்தனை பொய் எழுதினேன்! அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

“இருபது வருஷத்துல ஒரு தடவ என்கிட்ட கேட்டிருக்கலாமே,” என்றாள், “திரும்பி வருவியான்னு. வருவேன்னு சொல்லியிருப்பேன்.”

மே 11

அக்கா ஒரு குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். அவள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். தொட்டிகள் இருந்த இடத்தில் வெறும் வட்டங்கள். அவற்றுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என்ன பேசியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு வாயும் இல்லை.

மே 12

சிகிச்சை முடிந்தது. அக்கா பிழைத்துக்கொண்டார்.

மே 29

விசா வந்துவிட்டது.

எதிர்க்கடைக்காரர் எழுதிய கடிதம் மேசைமேல் கிடந்தது, படித்தேன். ஒரே பக்கம். சாதாரண எழுத்து, இரண்டு இடத்தில் இலக்கணப் பிழை. பள்ளி, பதினெட்டு வருஷம், ஜூலையில் ஏற்க வேண்டிய புதிய பொறுப்பு. திரும்பி வருவதற்கான காரணங்கள் அவ்வளவுதான். கணவர் என்ற சொல்லே இல்லை.

ஜூன் 4

கிளம்பிவிட்டாள். விமான நிலையத்துக்கு வர வேண்டாம் என்றாள். பேச முடியாத அக்காவிடம் நாற்பத்தைந்து நாள் என்ன பேசுவாள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அவள் போனபின் பார்க்கிறேன், தையல் மெஷினில் எனக்குத் தைத்துக்கொண்டிருந்த சட்டை. ஒரு கை வைத்தாகிவிட்டது, இன்னொரு கை வைக்கவில்லை. ஊசி துணிக்குள்ளேயே இறங்கி நிற்கிறது. சமையலறை சிங்கில் பாதி தேய்க்காத பாத்திரம். எதுவும் முடிக்கவில்லை, அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

பாதியில் விட்டுப் போகிறவர்கள் திரும்புவார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 21

சட்டையைத் தொடவில்லை. மெஷினைச் சுற்றிக் கூட்டுகிறேன்.

ஜூலை 19

டிக்கெட்டில் இன்றைய தேதி. எட்டு மணிக்கே விமான நிலையத்துக்குப் போய்விட்டேன். அந்த விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்து, வண்டிகளில் ஏறி, கூட்டம் கரைந்து, தரை துடைக்கிறவர் வந்துவிட்டார். அவள் போன் எடுக்கவில்லை.

சொன்னேனா இல்லையா? வரமாட்டாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நான் செய்தது தப்பு என்று அவளும் எதிர்க்கடைக்காரரும் நினைத்தார்களே, இப்போது யார் சொன்னது பலித்தது? நோட்டை எடுத்து ‘வருவாள்’ என்பதை அடித்து ‘வரவில்லை’ என்று எழுதினேன். எழுதும்போது சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது. என்ன மனுஷன் நான்.

ஜூலை 23

பள்ளியில் சொல்ல வேண்டுமே என்று போனேன். அவர்கள் வேறு ஆள் போட்டுக்கொள்ள வேண்டாமா. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட வழியில் யோசித்துக்கொண்டு போனேன்.

வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்றார். “வாங்க சார். டீச்சரைப் பாக்கணுமா? ஒன்பதாம் வகுப்புல இருக்காங்க. மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.”

“எப்ப வந்தாங்க?”

“திங்கக்கிழமையே சேந்துட்டாங்களே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியோட வந்து எறங்கினாங்க, நான்தான் இங்க டீச்சருங்க தங்கற குவார்ட்டர்ஸ் சாவி கொடுத்தேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்குத் தெரியாதா சார்?”

ஜன்னல் திறந்திருந்தது. அவள் குரல் கேட்டது. ஏதோ ஒரு கணக்கை இரண்டாவது முறையாகப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள். மணி அடிக்கும் முன்பே திரும்பிவிட்டேன்.

கடைக்கு வந்து நோட்டை எடுத்தேன். அவள் வரியில் ‘வரவில்லை’யை அடித்துவிட்டு ‘வந்துவிட்டாள், இரண்டு நாள் முன்னதாகவே’ என்று எழுதினேன். எதிர்க்கடைக்காரர் சரியாகத்தான் எழுதியிருந்தார்.